காற்று அடங்கும் மாதங்களில் தூண்டில்

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்த தம்பி ஒருவர் கேட்டிருந்தார். வாய்க்காலில் விரால் பிடித்து வளர்ந்தவர், சிங்கப்பூர் வந்து எட்டு மாதம் ஆகிறதாம். வெளிநாட்டுக் கட்டுரைகளில் எல்லாம் "வசந்த காலத்தில் தண்ணீர் சூடேறும், மீன் கரைப்பக்கம் வரும்" என்று படிக்கிறாராம். இங்கே மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் நிலைமை எப்படி, நல்ல தண்ணீரில் போடலாமா கடலில் போடலாமா, எட்டு வயது மகனையும் கூட்டிப் போகலாமா என்பது அவர் கேள்வி.

தம்பி, முதலில் அந்தக் கட்டுரைகளை ஓரமாக வைத்துவிடுங்கள். பனி உருகுகிற ஊரில் தண்ணீரின் சூடுதான் மீனை எழுப்பும். நம் தண்ணீர் ஆண்டு முழுக்க வெதுவெதுப்பாகவே கிடக்கிறது. டிசம்பருக்கும் ஏப்ரலுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு மூன்று டிகிரி இருந்தால் பெரிது. இங்கே மாறுவது காற்று. வடகிழக்குப் பருவக்காற்று டிசம்பரில் வலுத்து, மார்ச் தொடக்கம் வரை வீசும். ஜூனில் தென்மேற்குக் காற்று பிடித்துக்கொள்ளும். நடுவில் மார்ச் கடைசியிலிருந்து மே முடிய, காற்றுக்கு ஒரு நிலையான திசை கிடையாது. லேசாக வீசும், நின்றுவிடும், திரும்பும். கடல் கண்ணாடி மாதிரி கிடக்கும். ஆனால் அதே காற்றில்லாத வெக்கைதான் மத்தியானத்தில் இடியையும் கொண்டுவரும். இந்த மூன்று மாதத்தை நான் இப்படித்தான் வைத்திருக்கிறேன்: காலை நமக்கு, மத்தியானம் வானத்துக்கு. நல்ல தண்ணீருக்குப் போவதென்றால் மழையைப் பார்ப்பேன், கடலுக்கென்றால் நிலவைப் பார்ப்பேன்.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்த கையோடு ஜெட்டிக்குக் கூட்டிப்போவார். கம்பெல்லாம் கிடையாது, பால்டின்னில் சுற்றிய நரம்பும் ஒரு ஈயக்குண்டும்தான். அப்போது பிடித்த பழக்கம், நாற்பது வருடமாக விடவில்லை.

மார்ச்சிலிருந்து தொடங்குவோம். பிப்ரவரிதான் இங்கே மழை குறைந்த மாதம், அந்த வறட்சி மார்ச் முதல் பாதி வரை நீளும். 2014-இல் ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாள் தொடர்ந்து மழையே இல்லை. அந்த வருடம் புல்வெளிகள் வைக்கோல் நிறத்துக்குப் போனதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இப்படிக் காயும் நாள்களில் வடக்குப் பக்கத்து ஜோகூர் நீரிணையில் ஒரு தொந்தரவு உண்டு. 1924-இல் திறந்த, மலேசியாவுக்குப் போகும் கடற்பாலம் நீரிணையைக் குறுக்கே அடைத்துக்கொண்டு நிற்பதால் அங்கே தண்ணீர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தாராளமாக ஓடி அலசிவிட்டுப் போக முடியாது. நிலவு பாதியாக இருக்கும் நாள்களில் ஓட்டம் இன்னும் மந்தமாகிவிடும். வெயில், தேங்கிய தண்ணீர், கரையிலிருந்து சேரும் சத்து மூன்றும் கூடினால் நுண்பாசி பெருகித் தண்ணீர் நிறம் மாறும். 2014, 2015 இரண்டு வருடமும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் இப்படிப் பெருகியதில் மிதவைப் பண்ணைகளில் டன் டன்னாக மீன் செத்தது. ஆகவே மார்ச்சில் பாசிர் ரிஸ், பொங்கோல் பக்கம் போய், தண்ணீர் செம்பழுப்பாகவோ கொழகொழவென்றோ இருந்து, ஓரத்தில் சின்ன மீன்கள் வாயைத் திறந்து மிதந்தால் தூண்டிலை அவிழ்க்காமல் திரும்பி வந்துவிடுங்கள். அங்கே செத்துக் கிடக்கும் மீனைக் கையால் தொட வேண்டாம், எடுத்துச் சமைக்கவும் வேண்டாம்.

மார்ச் மூன்றாம், நான்காம் வாரத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நட்டு வைத்த கம்புக்கு மத்தியானம் ஒரு மணி வாக்கில் நிழலே விழாது. அதற்குப் பிறகு வருகிற ஏப்ரல், மே மாதங்கள் சுட்டெரிக்கும். தெங்காவில் 1983 ஏப்ரல் 17-ஆம் தேதி 37 டிகிரி பதிவானது. நாற்பது வருடம் கழித்து 2023 மே 13-ஆம் தேதி அங் மோ கியோவில் அதே 37. பங்குனி வெயில் நமக்குப் புதிதா என்று நினைப்பீர்கள். ஊர் வெயில் காய்ந்த வெயில், இது ஈரத்தோடு சேர்ந்த வெயில். வியர்வை காயாது. பையன் இருக்கிறான், பத்து மணிக்கு மேல் திறந்த ஜெட்டியில் நிறுத்தாதீர்கள்.

இனி இடியைப் பற்றி. இதை நிதானமாகப் படியுங்கள், மீனைவிட இது முக்கியம். சிங்கப்பூரில் வருடத்துக்கு 160 நாளுக்கு மேல் இடி கேட்கிறது. அதில் ஏப்ரல், மே மாதங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. காலை முழுக்க நிலம் சூடேறும், கடற்காற்று இரண்டு பக்கத்திலிருந்தும் உள்ளே வந்து முட்டும், ஒரு மணி இரண்டு மணி வாக்கில் மேகம் காலிஃபிளவர் மாதிரி கொப்பளித்து மேலே போகும். வெண்மேகத்தின் அடி கறுத்துவிட்டால் அரை மணி நேரம்கூட இருக்காது. இது போதாதென்று ஏப்ரலிலிருந்து சுமத்ரா சூறைக்காற்றும் தொடங்கும். அது மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து, வானத்தில் ஒரு கறுப்புச் சுவர் நகர்ந்து வருவது போல வரிசையாக வரும். பெரும்பாலும் விடியலுக்கு முன்னாலோ காலையிலோ வந்து சேரும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும். அன்றைக்கு மட்டும் என் "காலை நமக்கு" கணக்கு பலிக்காது.

கார்பன் கம்பு மின்சாரத்தைக் கடத்தும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, பிடோக் ஜெட்டியில் தெரிந்துகொண்டேன். ஏப்ரல் மாதம், மத்தியானம் இரண்டரை மணி. மேகம் சாங்கிப் பக்கம் இருந்தது, தலைக்கு மேல் இன்னும் வெயில். ஒரு மீன் கடித்துவிட்டுப் போன இடத்தில் மறுபடி போட்டுக்கொண்டிருந்தேன். கம்பைத் தூக்கியபோது அதன் நுனியிலிருந்து ஒரு சத்தம் வந்தது, சாணிவண்டு பறக்கிற மாதிரி ஒரு ரீங்காரம். ரீல் பழுது என்று நினைத்துக் கீழே இறக்கினேன், சத்தம் நின்றது. தூக்கினேன், மறுபடி வந்தது. முழங்கை மயிர் எழுந்து நின்றது. பக்கத்தில் இருந்த மலாய்ப் பெரியவர் ஒரே வார்த்தை கத்தினார், கம்பைக் கீழே போடச் சொல்லி. போட்டுவிட்டு ஓடினேன். அந்த ஜெட்டி 250 மீட்டர் நீளம், ஒதுங்க இடம் கரையில்தான். பாதி தூரம் வருவதற்குள் பின்னால் கடலில் மின்னல் விழுந்தது. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாகவே வந்தன. கரைக்கு வந்து பார்த்தால் கை நடுக்கத்தில் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு ஒரே விதிதான். இடிச் சத்தம் காதில் விழுந்தால் எத்தனை தூரத்தில் இருந்தாலும் சரி, நரம்பைச் சுருட்டு, கம்பைப் படுக்கப் போடு, கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போ. மரத்தடியில் நிற்காதே. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை வெளியே வராதே. கைப்பேசியில் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மைஎன்வி செயலியை வைத்துக்கொள்ளுங்கள், மழை எங்கே நிற்கிறது என்று படத்திலேயே காட்டும். ஜோகூர் மேலே சிவப்பு திரண்டால் கிராஞ்சியில் இருப்பவர் கிளம்பிவிட வேண்டும்.

சரி, நல்ல தண்ணீருக்கு வருவோம். நீங்கள் விரால் பிடித்தவர் என்பதால் உங்களுக்கு இதுதான் முதலில் பிடிக்கும்.

இங்கே ஆறு, ஏரி என்று நாம் பார்ப்பதில் பல இடங்கள் முன்பு உப்பங்கழிகள். கிராஞ்சி, லோவர் சிலேத்தார் எல்லாம் ஆற்று முகத்தை அணை போட்டு மறித்து நல்ல தண்ணீர் ஆக்கியவை. மரினா அணைக்கட்டு 2008-இல் வந்தது, பொங்கோல், சிராங்கூன் நீர்த்தேக்கங்கள் 2011-இல். மெக்ரிட்ச்சி மட்டும் பழசு, 1868-ஆம் ஆண்டுச் சமாசாரம். எல்லாமே குடிதண்ணீர் என்பதால் பொதுப் பயனீட்டுக் கழகம் கண்டிப்பாக இருக்கும். மீன் பிடிக்கலாம் என்று பலகை வைத்த பகுதியில் மட்டும்தான் போட வேண்டும், பலகையில் உள்ள படத்தில் எந்தக் கரை என்று காட்டியிருப்பார்கள். இரை செயற்கையாக இருக்க வேண்டும். மண்புழு கூடாது, ரொட்டி உருண்டை கூடாது, இறால் கூடாது. ஊரில் மண்புழு தோண்டிய கைக்கு இது கஷ்டமாக இருக்கும், ஆனால் அந்தத் தண்ணீரைத்தான் நாம் வீட்டில் குடிக்கிறோம். தூண்டிலுக்கு உரிமம் எதுவும் எடுக்கத் தேவையில்லை. அனுமதி இல்லாத கரையில் போட்டால் அபராதம் உண்டு.

மீன் என்று பார்த்தால் தென்னமெரிக்காவிலிருந்து வந்த பீக்காக் பாஸ், ஆப்பிரிக்காவின் திலாப்பியா (நம் ஊர் ஜிலேபிதான்), இவை இரண்டும் எங்கும் உண்டு. நம் விராலை இங்கே ஹருவான் என்பார்கள். அப்புறம் விராலுக்குப் பெரியப்பா முறையில் ஒருவர் இருக்கிறார், தோமான். ஒரு மீட்டருக்கு மேல் வளரும், பல் ஊசி ஊசியாக இருக்கும். சும்மா நரம்பில் முள் கட்டினால் கடித்து அறுத்துக்கொண்டு போய்விடும். முனையில் ஒரு சாண் கம்பியோ தடித்த நரம்போ கட்டுங்கள்.

ஏப்ரல் வெக்கையில் தோமானைத் தேடுவதற்கு ஒரு வழி இருக்கிறது. சூடான தண்ணீரில் பிராணவாயு குறையும், அதிலும் காற்றில்லாத விடியலில் மிகக் குறைவாக இருக்கும். மற்ற மீன்கள் சோர்ந்து கிடக்கும். தோமானும் விராலும் அப்படியில்லை, அவை மேலே வந்து காற்றை நேராகக் குடித்தாக வேண்டிய ஜாதி. லோவர் சிலேத்தாரில் ஏழு மணிக்கு முன்னால், வெளிச்சம் இன்னும் சாம்பலாக இருக்கும்போது, சும்மா உட்கார்ந்து தண்ணீரைப் பாருங்கள். அல்லி இலைக்கு இரண்டு முழம் தள்ளி, சத்தமே இல்லாமல் ஒரு கறுத்த மூக்கு மேலே வரும். "ப்ளக்" என்று ஒரு சின்ன உறிஞ்சல். வளையம் ஒன்று விரியும், நடுவில் இரண்டு மூன்று குமிழி நிற்கும். வால் திரும்பும்போது தண்ணீர் ஒரு பக்கமாகச் சாயும், அந்தப் பக்கம்தான் அது போகிறது. குமிழி மேலேயே போடாதீர்கள், மிரண்டுவிடும். போகிற திசையில் ஐந்தாறு அடி முன்னால், ரப்பர் தவளையை இலைமேல் விழவைத்து, அங்கிருந்து மெதுவாகத் தண்ணீருக்கு இழுத்து இறக்குங்கள். கடித்தவுடன் பதற்றத்தில் வெட்டி இழுக்கக் கூடாது. விராலுக்கு "ஒன்று, இரண்டு" எண்ணி இழுப்பீர்கள் அல்லவா, அதே கணக்கு.

ஒரு விஷயம் கேட்டுக்கொள்கிறேன். மழை விழத் தொடங்கினால் சில இடங்களில் தண்ணீர் மேல் ஒரு செம்மஞ்சள் திட்டு கொதிப்பது போல நகரும். தோமான் குஞ்சுகள். நூற்றுக்கணக்கில் ஒன்றாக மூச்சு வாங்க மேலே வரும், கீழே அப்பனும் ஆத்தாளும் காவல் சுற்றும். அந்தத் திட்டுக்குள் எதைப் போட்டாலும் பெரியது பாய்ந்து கடிக்கும். பசிக்காகக் கடிப்பதில்லை, குஞ்சைக் காக்கக் கடிக்கிறது. பெற்றதைத் தூக்கிவிட்டால் பத்து நிமிடத்தில் மற்ற மீன்கள் வந்து குஞ்சுகளைத் துடைத்துவிடும். ஒருமுறை பீக்காக் பாஸ் கூட்டம் அதைச் செய்ததை மெக்ரிட்ச்சியில் பார்த்தேன். அந்த இடத்தில் நான் கம்பைத் தூக்குவதில்லை, நீங்களும் தூக்காமல் இருந்தால் நிம்மதி.

மழை பெய்த மறுநாள் காலைதான் நீர்த்தேக்கத்துக்கு நல்ல நாள். மேல் தண்ணீர் ஆறியிருக்கும், கால்வாய் வந்து சேரும் வாயில் பூச்சியும் புழுவும் அடித்து வந்திருக்கும், மீன் அங்கே கூடும். தண்ணீர் கலங்கலாக இருந்தால் சத்தம் எழுப்புகிற இரை, கறுப்பு நிறம் எடுபடும். தெளிந்த தண்ணீரில் சின்ன வெள்ளி மீன் மாதிரியான இரை பீக்காக் பாஸுக்கு. பத்து நாள் மழையில்லாமல் தண்ணீர் இறங்கியிருந்தால் வேறு வேலை பார்க்கலாம், அல்லது போய்க் கரையைப் படித்துவிட்டு வரலாம். எங்கே பாறை, எங்கே பழைய மரக்கட்டை, எங்கே ஆழம் சரிகிறது என்று அப்போது தெரியும்.

கடல் எனக்கு மனதுக்கு நெருக்கம். இந்தப் பருவத்தில் அது தன்னைத் திறந்து காட்டும். வடகிழக்குக் காற்று இருக்கும்வரை சாங்கி, ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் கலங்கலும் அலையுமாக இருக்கும். ஏப்ரலில் தண்ணீர் தெளியும்.

கடலில் கடிகாரம் நிலவுதான். இங்கே ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அமாவாசை, பௌர்ணமியும் அடுத்த ஓரிரு நாளும் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் மூன்று மீட்டரை ஒட்டிப் போகும், ஓட்டம் ஈயக்குண்டை உருட்டிக்கொண்டு போய்விடும். அட்டமியை ஒட்டிய நாள்களில் தண்ணீர் சோம்பலாக நகரும். எது நல்லது என்றால், இடத்தைப் பொறுத்தது. தெற்குப் பக்கம் ஓட்டம் வேகம் என்பதால் பிடோக்கில் அட்டமிக்கு முன்பின் இரண்டு மூன்று நாள் எனக்குப் பிடிக்கும். செம்பவாங்கில் தண்ணீர் ஏற்கெனவே மந்தம், அங்கே அமாவாசை, பௌர்ணமி ஓட்டம் இருந்தால்தான் மீன் அசையும்.

இந்த மாதங்களுக்கென்று ஒரு விசேஷம் உண்டு, புதிதாக வருபவர்களுக்கு இது தெரியாது. வருடக் கடைசியில் அடிமட்ட வற்றம் சாயங்காலத்தில் விழும். ஏப்ரலிலிருந்து அது விடியலுக்கு முன்னால் மாறிவிடும். அதாவது சித்திரை அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டி, காலை ஐந்து ஆறு மணிக்குக் கடல் வெகுதூரம் உள்வாங்கிக் கிடக்கும். சாங்கிக் கரையில் கடற்புல்லும் மணல்திட்டும் வெளியே தெரியும். ஏழு மணிக்கு வெளிச்சம் வரும்போது ஏற்றம் தொடங்கியிருக்கும், மத்தியானம் வரை ஏறும். காய்ந்து கிடந்த திட்டின் மேல் தண்ணீர் திரும்பி ஏறும்போது நண்டும் இறாலும் கிளம்பும், அதன் பின்னாலேயே கொடுவாயும் திருக்கையும் வரும். வெளிச்சம், ஏற்றம், இடியில்லாத வானம் மூன்றும் ஒரே நேரத்தில் கிடைப்பது இந்த மாதங்களில்தான். ஏழிலிருந்து பத்து வரை. அதற்குத்தான் காலையை விடாதீர்கள் என்கிறேன்.

திட்டு எங்கே இருக்கிறது என்று பார்க்க, வற்றத்தின்போதே போய் ஒருமுறை கரையில் நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். இறங்கி நடக்க வேண்டாம், கடற்புல் மிதிபட்டால் எழாது, விஷ முள் உள்ள கல்மீனும் அங்கேதான் கிடக்கும்.

மீன் வகையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செம்பவாங் ஜெட்டியில் கெளுத்தி, திருக்கை, கத்தாளை, நண்டு. பாசிர் ரிஸ், பொங்கோல் பக்கம் கொடுவா, அவ்வப்போது களவா. பிடோக்கில் எல்லாம் கலந்து வரும்: சூடை, பாறை, சீலா, முரல், கட்டா, கணவாய். சீனப் புத்தாண்டுக்கு விலை ஏறுகிற வெள்ளை ஒரா முட்டையோடு வரும் காலம் மார்ச்சுக்கு முன்பே முடிந்துவிடும், அதைத் தேடி அலைய வேண்டாம். எந்த ஜெட்டிக்குப் போவதானாலும் முதல் நாள் தேசியப் பூங்காக் கழகத்தின் இணையத்தளத்தில் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சுங்கை புலோ சதுப்பு நிலக் காப்பகமும் சிஸ்டர்ஸ் தீவுக் கடற்பூங்காவும் மீன் பிடிக்கிற இடங்கள் இல்லை.

கணவாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காற்றடங்கித் தண்ணீர் தெளிந்த ஏப்ரல் இரவில், ஜெட்டி விளக்கின் கீழ் சின்ன மீன்கள் கூடும், விளக்கு வெளிச்சம் முடிந்து இருட்டு தொடங்குகிற அந்த ஓரத்தில் கணவாய் நிற்கும். இறால் வடிவத்தில் ஒரு செயற்கை இரை கடையில் கிடைக்கும், வாலில் கிரீடம் மாதிரி ஊசிகள் இருக்கும். அதைப் போட்டு மூழ்கவிட்டு, இரண்டு தட்டுத் தட்டி, சும்மா விடுங்கள். கணவாய் அதை வெடுக்கென்று கடிக்காது, கட்டிப் பிடித்துக்கொள்ளும். நரம்பில் ஈரத்துணி மாட்டிய மாதிரி ஒரு பாரம் தெரியும். அப்போது நிற்காமல் ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும், தளர்த்தினால் நழுவிவிடும். மேலே வந்ததும் மையைப் பீய்ச்சும், உங்கள் சட்டைப் பக்கம் திருப்பாதீர்கள். விளக்கில் பிடித்துப் பார்த்தால் தோலில் பழுப்புப் புள்ளிகள் விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கி ஓடும். என் மகள் சின்ன வயதில் அதைப் பார்த்துவிட்டுத் திரும்ப விடச் சொல்லி அழுதாள், விட்டோம்.

ஏப்ரல் பௌர்ணமி கழிந்து மூன்று முதல் ஐந்து இரவுக்குள் தெற்குத் தீவுகளைச் சுற்றி இன்னொன்று நடக்கும். பவளப்பாறைகள் ஒரே நேரத்தில் முட்டையையும் விந்தையும் தண்ணீரில் விடும். கரையில் இருக்கும் நமக்குத் தெரியாது, முக்குளித்தவர்கள் படம் எடுத்திருக்கிறார்கள், தலைகீழாக மழை பெய்வது போல இளஞ்சிவப்பு மணிகள் மேலே மிதந்து போகும். 2002-இல் ஆய்வாளர்கள் இதைப் பற்றி எழுதியபோதுதான் எனக்கே தெரிந்தது. இத்தனை கப்பல் போகிற கடலில் இன்னும் இது நடக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

நம் ஊர்க் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது, மீன் இனம் பெருகட்டும் என்று. இங்கே தூண்டில்காரனுக்கு அப்படித் தடை எதுவும் கிடையாது. ஆனாலும் வயிறு பருத்து வருகிற மீனை, சாணளவுகூட இல்லாத களவாவை, முட்டையை அடிவயிற்றில் சுமந்துவரும் நண்டை நான் திரும்ப விட்டுவிடுவேன். வீட்டுக்கு ஒரு குழம்புக்கு எவ்வளவு வேண்டும்? முள்ளில் இருக்கும் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிட்டால் மீன் வாய் கிழியாமல் கழற்றலாம், உங்கள் விரலில் ஏறினாலும் சுலபமாக வரும்.

விரல் என்றதும் கெளுத்தி ஞாபகம் வருகிறது. ஊர்க் கெளுத்தி குத்தினால் எரியும், இங்கே செம்பிலாங் என்கிற இருங்கெளுத்தி குத்தினால் தோள் வரை இழுக்கும். முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று, மூன்று முள். பதினைந்து வயதில் எனக்கு உள்ளங்கையில் ஏறியது. அப்பா பக்கத்துக் காப்பிக்கடையில் வெந்நீர் வாங்கிவந்து, தன் கையை முதலில் விட்டுச் சூடு பார்த்துவிட்டு என் கையை முக்கினார். சரியான வைத்தியம் அதுதான் என்று பிறகு மருத்துவரும் சொன்னார். தோல் வேகாத, பொறுக்கக்கூடிய சூட்டில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை வைத்தால் விஷத்தின் வலி அடங்கும். திருக்கை, ஒரா, கல்மீன் குத்தினாலும் இதே முதலுதவி. அதோடு விடாமல் மருத்துவமனைக்குப் போங்கள். பேத்தை மீன், பலூன் மாதிரி உப்புவது, அது வந்தால் எக்காரணம் கொண்டும் வீட்டுக்கு எடுத்துப்போகாதீர்கள்.

மே மாத வாக்கில் பௌத்தர்களின் விசாக தினம் வரும், நமக்கு வைகாசி விசாகமும் பல வருடங்களில் அதை ஒட்டித்தான் வரும். அன்றைக்குப் புண்ணியம் என்று கடையில் வாங்கிய மீனையும் ஆமையையும் நீர்த்தேக்கத்தில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல மனசோடுதான் செய்கிறார்கள். ஆனால் தொட்டியில் வளர்ந்தது பாதி செத்துவிடும், பிழைத்தது உள்ளூர் மீனைத் தின்னும். சட்டப்படியும் குற்றம். பூங்காக் கழகமும் பயனீட்டுக் கழகமும் அந்தச் சமயத்தில் கரையில் நின்று எடுத்துச் சொல்வதைப் பார்க்கலாம். கையில் பிளாஸ்டிக் பையோடு யாராவது தமிழ்க் குடும்பம் நின்றால் நீங்களும் மரியாதையாகச் சொல்லுங்கள், நம் மொழியில் சொன்னால் கேட்பார்கள். அறுந்த நரம்பையும் அங்கேயே போடாமல் சுருட்டிப் பையில் வையுங்கள். நீர்நாய் கழுத்தில் அது இறுகிக் கிடந்ததைப் பார்த்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

உங்கள் மகனுக்கு வருவோம். முதல் தடவை நீர்த்தேக்கத்துக்குக் கூட்டிப்போகாதீர்கள், செயற்கை இரையை நூறு தடவை வீசி ஒரு கடிகூட இல்லாவிட்டால் எட்டு வயசுக்குப் பொறுமை இருக்காது. பிடோக் ஜெட்டிக்குக் கூட்டிப்போங்கள். ஏப்ரலில் அட்டமிக்கு அடுத்த சனிக்கிழமை பாருங்கள், காலை ஏழரைக்கு அங்கே இருங்கள். தொப்பி, நிறையத் தண்ணீர், நீந்தத் தெரியாவிட்டால் மிதவைச் சட்டை. கடையில் "அப்போலோ" என்று கேளுங்கள், ஒரே நரம்பில் ஐந்தாறு சின்ன முள், ஒவ்வொன்றிலும் பளபளக்கும் துணுக்கு ஒட்டியிருக்கும், இரையே தேவையில்லை. ஆறடிக் கம்பு, அடியில் சின்ன ஈயம். வீச வேண்டாம், ஜெட்டிக்குக் கீழே நேராக இறக்கிக் கொடுங்கள், மெதுவாகத் தூக்கி இறக்கச் சொல்லுங்கள். பின்னால் சைக்கிளும் ஆளும் போகிற இடம், குழந்தை கையில் வீச்சுக் கம்பு ஆகாது. தம்பான் கூட்டம், நம் சூடைதான், கீழே வந்தால் கம்பு கிடுகிடுவென்று நடுங்கும். உடனே தூக்க விடாதீர்கள். "இரு, இன்னும் ரெண்டு ஏறட்டும்" என்று சொல்லிக் கொஞ்சம் பொறுத்துத் தூக்கச் சொன்னால் நாலைந்து வெள்ளி ஒரே நரம்பில் துடித்துக்கொண்டு மேலே வரும். அவனை ஒன்றைக் கையில் பிடிக்க விடுங்கள், உள்ளங்கையில் செதில் ஒட்டிக்கொள்ளும். பத்து மணிக்குக் கிளம்பிவிடுங்கள். வீட்டில் மஞ்சளும் மிளகாயும் தடவி முள்ளோடு மொறுமொறுப்பாகப் பொரித்துக் கொடுங்கள், பிடித்த அன்றைக்கே.